கரண்டிக் குழிக்கு எந்தக் கத்தி?

கேள்வி: மரக்கரண்டி செதுக்கப் பழக ஆசை. கொக்கிக் கத்தியில் வகைவகையாகக் காட்டுகிறார்கள். எதை எடுப்பது?
- வாசகர், பொத்தனூர்

பதில்: நடுத்தர வளைவு, ஒரு பக்கக் கூர், நீளமான கைப்பிடி. இந்த மூன்றும் இருந்தால் வாங்குங்கள். மூன்றில் முக்கியம் வளைவு. இறுக்கமாக வளைந்த கத்தி குழம்புக் கரண்டியின் ஆழத்தைக் குடையும். பொரியல் கரண்டியில் வைத்தால் வரிவரியாகப் பள்ளம் பறித்துவிடும். அகன்ற வளைவோ ஆழத்துக்கு இறங்காது. அடியில் அகன்று, நுனிக்குப் போகப் போக இறுகும் கத்தி இரண்டு வேலைக்கும் வரும். கடைக்குப் போகும்போது உங்கள் வீட்டுக் கரண்டி ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். கத்தியின் வளைவு, கரண்டிக் குழியின் வளைவைவிடக் கொஞ்சம் இறுக்கமாக இருக்க வேண்டும். கைப்பிடி உள்ளங்கைக்கு வெளியே சிறிது நீண்டிருந்தால் மணிக்கட்டு வலிக்காது.

கேள்வி: இரண்டு பக்கமும் கூர் உள்ள கத்தியும் கிடைக்கிறது. அதுதானே லாபம்?
- வாசகர், கபிலர்மலை

பதில்: கட்டைவிரலுக்கு நஷ்டம். ஒரு பக்கக் கூர் என்றால், மழுங்கிய முதுகில் விரலை வைத்து அழுத்தித் தள்ளலாம். பழகுகிறவருக்குப் பாதிப் பலம் அந்த அழுத்தத்தில்தான் வருகிறது. கை நன்றாகப் பழகிய பிறகு இருபக்கக் கூர் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு இடக்கைப் பழக்கம். எந்தக் கத்தியும் சரிதானா?
- வாசகி, பாண்டமங்கலம்

பதில்: இல்லை, அம்மா. ஸ்வீடனின் மோரா நிறுவனம் 164 என்ற எண்ணுள்ள கத்தியை இடக்கைக்குத் தனியாகவும் வலக்கைக்குத் தனியாகவும் செய்கிறது. பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். வலக்கைக் கத்தியைக் கொடுத்துப் பழகிக்கொள்ளச் சொல்லாதீர்கள். கூர் தப்பான பக்கம் இருக்கும்.

கேள்வி: நாமக்கல்லைச் சுற்றி லாரிப் பட்டைக்குப் பஞ்சமில்லை. அதைக் கொடுத்து ஊர்ப் பட்டறையிலேயே அடித்து வாங்கினால் என்ன?
- வாசகர், ஜேடர்பாளையம்

பதில்: தாராளமாக. எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். லாரிப் பட்டை, கரி கலந்த நல்ல உருக்கு. காய்ச்சி நனைத்தால் கடினமாகும். அரிவாள் அடிக்கிற கொல்லருக்கு அந்த இரும்பின் குணம் தெரியும். கொக்கிக் கத்தி அவருக்குப் புதிது என்பதால் நாலு விஷயத்தை நீங்கள் தெளிவாகச் சொல்ல வேண்டும். முதலில், அட்டையில் வளைவை வெட்டிக் கொடுங்கள். வாயால் சொன்னால் அரிவாளின் வளைவுதான் வரும். பட்டையை இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு அடித்து மெலிதாக்கச் சொல்லுங்கள். கூர்ச்சரிவு வளைவின் வெளிப்பக்கம் மட்டும் இருக்கட்டும். உள்பக்கம் வழவழப்பாக இருந்தால் போதும். வளைத்து முடித்த பிறகே நனைக்க வேண்டும். காந்தம் ஒட்டாத அளவுக்குச் செக்கச் சிவந்து, அதற்கு மேலும் சற்றுக் காய்ந்ததும் எண்ணெயில் நனைக்கட்டும். இவ்வளவு மெல்லிய தகடு தண்ணீரில் விரிசல் விடக்கூடும். பிறகு மெதுவாகச் சூடேற்றி, வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்த வேண்டும். கடைசியில் கிரைண்டரில் பிடிக்கும்போது விளிம்பு நீலம் பாய்ந்தால், அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம்.

நொய்யல் கரையில் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பும் உருக்கும் செய்த உலைகள் வெளிப்பட்டன. அவ்வளவு பழைய உருக்கு வேலை நடந்த கொங்கு நாட்டில், ஒரு சின்னக் கத்திக்கு வெளிநாட்டுப் பார்சலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கொல்லர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

கேள்வி: துருப்பிடிக்காத எவர்சில்வர் தட்டை வெட்டி வளைத்தால்?
- வாசகர், மோகனூர்

பதில்: பாத்திர எவர்சில்வரைக் காய்ச்சி நனைத்தாலும் கடினமாகாது. தட்டு சோற்றுக்கே இருக்கட்டும். உருக்குக் கத்திக்குத் துரு பயமென்றால், வேலை முடிந்ததும் துடைத்து இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள்.

கேள்வி: தோப்பில் விழுந்த தென்னை கிடக்கிறது. அதில் செதுக்கலாமா?
- வாசகர், நன்செய் இடையாறு

பதில்: வேண்டாம். தென்னை நார் நாராகப் பிரியும். விளிம்பு சிலும்பாகி உதட்டைக் குத்தும். பூவரசு, மா, வேம்பு எடுங்கள். வெட்பாலை கிடைத்தால் விடாதீர்கள்; சன்னபட்டணத்துப் பொம்மைகள் காலங்காலமாக அந்த மரத்தில்தான் கடையப்படுகின்றன, அவ்வளவு நயமான இழை. அரளியும் எட்டியும் விஷம். கரண்டிக்குத் தொடவே கூடாது. மரம் பச்சையாக இருக்கும்போதே குடையுங்கள், கத்தி லேசாக ஓடும். குழியை இழைக்குக் குறுக்காகக் குடைய வேண்டும். செதுக்கியதை வெயிலில் வைத்தால் வெடிக்கும். செதுக்கிய சீவல்களுக்குள்ளேயே புதைத்து நிழலில் காயவிடுங்கள்.

தென்னையில்தான் செய்வேன் என்றால் கொட்டாங்குச்சி அகப்பை இருக்கிறதே! அதற்குக் கொக்கிக் கத்தி தேவையில்லை. ஆக்ஸா பிளேடு, அரம், உப்புத்தாள், ஒரு மூங்கில் காம்பு போதும்.

கேள்வி: புதுக் கத்தி, அதற்குள் மழுங்கிவிட்டது. சாணை பிடிப்பவரிடம் கொடுக்கட்டுமா?
- வாசகர், பரமத்தி

பதில்: கொடுக்காதீர்கள். சாணைச் சக்கரம் உள்வளைவுக்குள் நுழையாது. நுழைந்த இடத்திலும் சூடேற்றிப் பதத்தைக் கெடுத்துவிடும். ஒரு துண்டு பிவிசி குழாயில் உப்புத்தாளைச் சுற்றி உள்பக்கத்தைத் தேயுங்கள். வெளிச்சரிவுக்குத் தட்டையான பலகையில் ஒட்டிய தாள். 400, 1000, 2000 என்று வரிசையாகப் போய், பழைய தோல் பெல்ட்டில் இழுத்து முடியுங்கள். செதுக்கும்போது அரை மணிக்கு ஒருமுறை பெல்ட்டில் இழுத்தால் தாளுக்கு வேலையே குறையும். இந்த வேலை தெரியாதவர் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் கத்தி அடுத்த வாரம் பரணில்தான் கிடக்கும். அதனால் கத்தி வாங்கும் அன்றே தாளும் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: கையுறை அவசியமா?
- வாசகி, பொத்தனூர்

பதில்: கரண்டியைப் பிடிக்கிற கைக்கு அவசியம். வெட்டுத் தாங்கும் கையுறை என்று கேட்டு வாங்குங்கள். கத்தி வரும் நேர்வழியில் கட்டைவிரலை நீட்டாமல், கரண்டி விளிம்புக்குக் கீழே மடக்கி வையுங்கள்.

கேள்வி: வெல்லம் காய்ச்சும் கொப்பரையில் கிண்டத் துடுப்பு செய்யவும் இதே கத்தி உதவுமா?
- வாசகர், பிலிக்கல்பாளையம்

பதில்: துடுப்பில் குழி ஏது? வாச்சியும் இழைப்புளியும் போதும்.