ஆறுமடங்கு மாஸ்டர்

மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்பவர் தும்மக் கூடாது. தும்மினால், கைலேஞ்சியை எடுக்க முதல் ஆறுமடங்கு மாஸ்டர் பக்கத்தில் வந்து நிற்பார்.

"என்ன தம்பி, தடிமனோ?"

"ஓம் மாஸ்டர். நேற்று மழையிலை நனைஞ்சிட்டன்."

"மழையை விடு. தடிமன் பிடிச்சு ஏழு நாளுக்குள்ளை ஹார்ட் அட்டாக் வாறது ஆறு மடங்காம். கனடாவிலை கண்டுபிடிச்சிருக்கிறாங்கள். வீட்டிலை சொல்லிப்போட்டோ வந்தனி?"

முல்லைத்தீவு பஸ் வந்ததும் தம்பி ஏறிவிடுவான். ஒட்டுசுட்டான் தாண்டும்வரை அவன் கை நெஞ்சை விட்டு இறங்காது.

மாஸ்டர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்தவர் அல்லர். சங்கக்கடையில் கணக்கெழுதியவர். அந்தக் காலத்தில் ஒரு கரண்டி சீனிகூடக் கணக்குத் தவறிப் போகாதாம். ஓய்வுக்குப் பிறகு மகள் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு போன் அனுப்பினாள். அன்று தொடக்கம் ஊரின் உயிர்களுக்கு அவர் பொறுப்பெடுத்துக்கொண்டார். இப்படி ஒருவர் கிளிநொச்சியிலும் இருப்பார், வவுனியாவிலும் இருப்பார். உங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் கட்டாயம் இருப்பார்.

அவர் பொய்யர் என்றால் பிரச்சினை இல்லை, ஒதுக்கிவிடலாம். அவர் சொல்வதில் பாதி உண்மையாக இருப்பதுதான் சிக்கல். அந்தக் கனடா ஆய்வு உண்மையிலேயே இருக்கிறது. 2018 ஜனவரியில் 'நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒவ் மெடிசின்' என்ற மருத்துவ இதழில் வந்தது. ஒன்ராறியோ மாகாணத்தில் இன்புளுவன்சா என்று ஆய்வுகூடம் உறுதிப்படுத்திய, 35 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களைப் பார்த்தார்கள். காய்ச்சல் உறுதியானதற்கு முந்திய ஒரு வருடத்திலும் பிந்திய ஒரு வருடத்திலும் மாரடைப்பென்று ஆஸ்பத்திரியில் சேர்ந்த சம்பவங்கள் 364. அவற்றில் 20 சம்பவங்கள் காய்ச்சல் உறுதியான முதல் 7 நாட்களுக்குள் நடந்தவை. மற்ற வாரங்களில் சராசரி 3.3 தான். ஆறு மடங்கு பிறந்த கதை இதுதான். கிருமியோடு மல்லுக்கட்டும் உடம்பில் அழற்சி கூடும், இரத்தம் இலகுவாக உறையும், இதயத்துக்கு வேலை கூடும். குழாயில் ஏற்கெனவே கொழுப்புப் படிந்தவருக்கு அது பொல்லாத வாரம்.

இந்த ஆய்வைப் பற்றி மாஸ்டருக்குத் தனிப் பெருமை. "ஒன்ராறியோ எண்டால் எங்கடை ஆக்களும் அதுக்கை இருந்திருப்பினம்" என்பார். ஆனால் '35 வயது', 'ஆய்வுகூடம்', 'இன்புளுவன்சா' என்ற மூன்றும் ஸ்காபரோவிலேயே தங்கிவிட்டன. மாங்குளத்துக்கு வந்து சேர்ந்தது 'ஆறு மடங்கு' மட்டும். மழையில் நனைந்த பதினெட்டு வயதுப் பெடியனுக்கும் அதே மடங்குதான். ஐந்து சதத்தை ஆறு மடங்காக்கினாலும் முப்பது சதம்தான் என்பதைச் சங்கக்கடைக் கணக்குப்பிள்ளைக்கு யார் சொல்வது?

மகள் பிறகு பிரஷர் பார்க்கும் மெஷினும் அனுப்பினாள். அது குடைப்பையில் குடையோடு சேர்ந்து வரும். முதலில் ஆளைத் தேத்தண்ணிக்கடை வாங்கில் இருத்துவார். மாரடைப்பு எப்படித் தொடங்கும், எங்கே பரவும், கடைசியில் எங்கே கொண்டுபோய் விடும் என்று விளக்குவார். அதன் பிறகுதான் பட்டியைக் கையில் சுற்றுவார். மெஷின் உறுமும். இருப்பவர் மூச்சை அடக்குவார். கடைக்காரரும் ஆற்றிய தேத்தண்ணியை அந்தரத்தில் நிறுத்துவார்.

"பாத்தியோ, நூற்றி அறுபது! நான் சொன்னனான்தானே?"

அவர் கதையைக் கேட்ட பிறகு நூற்றி இருபது காட்டினால் மெஷினைத்தான் திருத்தக் குடுக்கவேணும்.

ஒருநாள் காலை, தனியே இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமினால் தப்பலாம் என்று ஒரு செய்தி வந்தது. அதற்கு மருத்துவச் சான்று இல்லை என்று பிரித்தானிய ஹார்ட் ஃபவுண்டேஷன் சொல்லிவிட்டது. அந்த மறுப்பு மாஸ்டரின் போனுக்கு வரவில்லை. பஸ் தரிப்பிடத்தில் நின்ற எல்லோரையும் வரிசையாக இருமப் பழக்கினார். பின்னேரம் இன்னொரு செய்தி வந்தது: 'இருமலால் சளிச்சுரம் பரவும், கூட்டத்தில் இருமாதீர்கள்.' காலையில் இருமிய அதே ஆட்களை அதே இடத்தில் நிறுத்தி ஏசினார்.

2020 டிசம்பரில் கொரோனாவுக்கு மருந்தென்று கேகாலையில் ஒருவர் பாணி காய்ச்ச, சனம் ஆயிரக்கணக்கில் திரண்டது. மாஸ்டரும் இங்கே தேனும் சாதிக்காயும் தேடித் திரிந்தார். அந்தப் பாணியைக் குடித்துக் காட்டிய சுகாதார அமைச்சருக்கே 2021 ஜனவரியில் தொற்று உறுதியானது. "நான் அப்பவே சொன்னனான்" என்றார் மாஸ்டர். என்ன சொன்னவர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சிரிப்பு நிற்கும் இடமும் உண்டு. மாரடைப்புக்கு அஸ்பிரின் கொடுப்பார்கள் என்பது உண்மை. டெங்குக் காய்ச்சலில் அஸ்பிரின் இரத்தக்கசிவைக் கூட்டும் என்பதும் உண்மை. மாஸ்டர் முதலாவதை மட்டும் ஆறு மடங்கோடு ஒரே பானையில் போட்டார்: காய்ச்சல் வந்தால் மாரடைப்பு வரும், ஆகவே காய்ச்சலுக்கு அஸ்பிரின் போடு. அந்த ஆலோசனையை வாங்கிய அக்கா நல்லகாலம் ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டுத்தான் குளிசையைத் தொட்டா. "பனடோல் மட்டும் போடுங்கோ, இரத்தம் சோதிக்கவேணும்" என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள்.

இத்தனைக்கும் ஊர் அவரை விலக்கி வைக்கவில்லை. ஒரு மத்தியானம் லொறிச் சாரதி ஒருவர் கடைக்குள் வந்து இருந்தார். முகமெல்லாம் வியர்வை. "கேஸ்றிக் போலை கிடக்கு. ஒரு சோடா தாங்கோ" என்றார். மாஸ்டர் அன்று மடங்கு சொல்லவில்லை, மெஷினையும் எடுக்கவில்லை. 1990 ஐ அடித்தார். காசு வாங்காத சுவசெரிய அம்புலன்ஸ் வந்தது. சாரதி பிழைத்தார். தடிமன் இருந்ததா என்று விசாரிக்க மாஸ்டருக்கு நேரம் கிடைக்காதது ஒன்றுதான் குறை.

அவருடைய வாயை அடைக்கத் தேவையில்லை, கணக்கைத் திருத்தினால் போதும். வாசகரே, உங்கள் விரலும் எதையாவது அனுப்பத் துடித்தால் இதை அனுப்புங்கள். இதய வருத்தம், பிரஷர், சீனி உள்ளவர்கள் காய்ச்சல் வந்தால் கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டு வீட்டில் கிடக்காமல் டொக்டரிடம் காட்டவேணும். இன்புளுவன்சாத் தடுப்பூசி தங்களுக்குத் தேவையா என்று கிளினிக்கில் கேட்கவேணும். நெஞ்சு இறுக்கினால் சோடாவுக்கு முதல் 1990. பயப்படுத்துவதற்கு மாஸ்டர் இருக்கிறார். நீங்கள் செய்யவேண்டியதைச் சொல்லுங்கள்.