முத்துக் கணக்கும் மீன் படிப்பும்

தூத்துக்குடியில் எதற்கும் ஒரு விலை உண்டு. உப்புக்கு டன் கணக்கு, ஹார்பரில் கன்டெய்னர் கணக்கு, மீன் ஏலத்தில் சீலாவுக்கு ஒரு விலை, சாளைக்கு ஒரு விலை. விலை சொல்ல முடியாத சரக்கு ஒன்று எங்கள் குடும்பத்துக்குள் வந்து இறங்கியதும் எல்லோரும் திணறிப்போனார்கள். என் அக்கா மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டு, ஊரிலேயே இருக்கும் மீன்வளக் கல்லூரியில் பி.எஃப்.எஸ்சி. சேரப் போவதாக அறிவித்தாள்.

"மீன் பிடிக்கதுக்கு நாலு வருஷமா?" என்றார் அத்தான்.

அத்தான் கிளியரிங் ஏஜென்சியில் பில் ஆஃப் என்ட்ரி போடுகிறவர். எந்தப் பொருளையும் ஏதாவது ஒரு சுங்க எச்.எஸ். கோடில் அடைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். "சயின்ஸா, இன்ஜினியரிங்கா, காமர்ஸா? கோடைச் சொல்லு, டியூட்டிய நான் சொல்லுதேன்" என்றார். பெண் பாடத்திட்டத்தை நீட்டினாள். வானிலை, மண் மற்றும் நீர் வேதியியல், நுண்ணுயிரியல், வலைத் தொழில்நுட்பம், படகுக் கட்டுமானம், குளிர்பதனப் பொறியியல், கப்பலோட்டம், புள்ளியியல், பொருளாதாரம், கூட்டுறவு, சட்டம். இடையிடையே மீனும் இருந்தது.

"இது டிகிரியா, பலசரக்குக் கடையா?" என்றவர், கடைசியில் அதை 'அதர்ஸ்' என்ற தலைப்பில் தள்ளினார். அங்கே போன சரக்குக்குத்தான் தகராறு அதிகம் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

"ஏம்ப்பா, 1906-ல இதே ஊர்ல கப்பல் கம்பெனி ஆரம்பிச்சவரு வக்கீலுதான?" என்றாள் அவள்.

"ஜெயிலுக்குப் போயிட்டு வந்து அவரு கடை வச்சுப் பிழைச்சதையும் படிச்சியா?"

"துறைமுகத்துக்கு இப்ப அவரு பேருதான இருக்கு? கிளியரிங் ஏஜென்ட் பேரா இருக்கு?"

அத்தான் காப்பி குடிக்க எழுந்து போனார்.

அடுத்து அவள் தாத்தா களம் இறங்கினார். பேங்கில் ஓய்வு பெற்றவர். அவர் லேப்டாப் இன்னும் ஓய்வு பெறவில்லை. எக்செல்லில் ஒரு பக்கம் கட்டணம், விடுதி, நாலு வருடம் சம்பாதிக்காமல் இருப்பதால் வரும் இழப்பு, அந்த இழப்புக்கு வட்டி. மறுபக்கம் 'சம்பளம் (உத்தேசம்)', 'மாப்பிள்ளை தரம்'. உத்தேசம் சின்ன எண்ணாகவும் தரம் பெரிய எண்ணாகவும் இருந்தன.

"தாத்தா, செலவு பூராம் என் பேர்ல இருக்கு. வரவு பூராம் மாப்பிள்ளை பேர்ல இருக்கே?"

ஐந்தொகை அத்துடன் நின்றது. உருப்படியாக ஒரு கேள்வி கேட்டவர், திரேஸ்புரத்திலிருந்து சங்கு விற்க வரும் பழைய சங்குகுளிக்காரர் ஒருவர்தான்: "பிள்ளைக்கு நீந்தத் தெரியுமா?"

முத்துக்கு விலை வைத்த பழக்கத்தில், படிப்புக்கு விலை வைப்பதையும் இந்தக் கடற்கரை எப்போதோ பழகியிருக்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. அந்தக் காலத்தில் சிப்பியைத் திறக்காமலேயே, ஆயிரம் சிப்பி இவ்வளவு என்று ஏலம் விடுவார்கள். எடுத்தவனுக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. அழுகி நாறித் திறந்த பிறகுதான் லட்சாதிபதியா கடன்காரனா என்று தெரியும். ஜூன் மாதக் கல்லூரி வாசலில் நிற்கும் அப்பாமார்களும் அதே ஏலத்தில்தான் கை தூக்குகிறார்கள். நாற்றம் மட்டும் இல்லை.

ஆனால் திறந்து கழுவிய முத்துக்கு விலை வைக்கையில் யாரும் உத்தேசம் பேசியதில்லை. பித்தளைச் சல்லடைகளில் சலித்து, தரம் பிரித்து, மஞ்சாடிக் கணக்கில் நிறுத்துச் செவ்வு போடுவார்கள். அந்தக் கணக்கில் எடையை எடையாலேயே பெருக்கி, முத்துகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். பத்து மஞ்சாடி எடையைப் பத்துச் சிறு முத்துகளாகக் கொண்டுவந்தால் ஒரு மதிப்பு. அதே பத்து மஞ்சாடி ஒரே முத்தாகத் திரண்டிருந்தால் பத்து மடங்கு மதிப்பு.

பல துறைப் படிப்பின் பணக் கணக்கு இவ்வளவுதான். பத்துப் பாடம் ஒரே தலைக்குள் திரண்டால் முத்து, திரளாவிட்டால் தூள். தூளுக்கும் விலை உண்டு, ஆனால் அதைக் கழுத்தில் போட முடியாது. 1973-ல் வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சுவாமி சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார். அதற்கு உயிரியல் வேண்டும், நீர் பற்றிய அறிவு வேண்டும், சிப்பிக்கு அறுவை செய்யும் கை வேண்டும். மூன்றும் வேறு வேறு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால் ஃபைல்தான் வளர்ந்திருக்கும்.

இதை நான் அத்தானிடம் முத்தை வைத்து விளக்கவில்லை. இறாலை வைத்து விளக்கினேன். இறால் குளத்தில் விடியலுக்குச் சற்று முன்புதான் நீரில் ஆக்சிஜன் மிகக் குறையும். அந்த நேரம் பார்த்து கரண்ட் போகும், ஏரேட்டர் நிற்கும், இறால் மேலே வந்து தத்தளிக்கும். நோயென்று நினைத்துப் பண்ணைக்காரர் ஆன்டிபயாட்டிக்கைக் கொட்டுவார். மிச்சம் பிழைத்த இறால் ஐஸில் ஏறி, பெட்டியில் ஏறி, ஐரோப்பா போய், மருந்து எச்சம் இருக்கிறதென்று திரும்பி வரும். நீர், மின்சாரம், நோய், கடன், சட்டம் ஐந்தும் தெரிந்த ஒருத்தியை அந்த விடியற்காலையில் போனில் பிடித்தால் போதும், பெட்டி திரும்பாது.

"ரிட்டர்ன் கன்டெய்னரா?" என்றார் அத்தான். டெமரேஜ் பில் கண்முன் வந்திருக்க வேண்டும். "அப்ப படிக்கட்டும்."

பேங்குகளில் விவசாயக் கள அலுவலர் வேலைக்கு மீன்வளப் பட்டமும் செல்லும் என்று தெரிந்ததும் தாத்தா உத்தேசத்தைத் திருத்தி எழுதினார். மாப்பிள்ளை தரம் தானாகவே ஒரு படி ஏறியது.

எல்லாம் கூடி முடிந்தபோது, அதுவரை வாய் திறக்காத ஆச்சி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "படிக்கட்டும், வேண்டாங்கல. நம்ம வீடு சைவம்லா, அதை ஒருத்தரும் யோசிக்கலியா?"

உண்மையிலேயே ஒருத்தரும் யோசிக்கவில்லை. வருமானம் பேச ஆரம்பித்தால் சைவமெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது!