மூன்று ரூபா மூழ்கிய துறைமுகம்

பஸ் கட்டணப் பிரிவுகளை வகுத்தருளும் மேன்மைதங்கிய ஐயாமாருக்கு,

திருகோணமலை பஸ் நிலையத்தில் ஏறி அநுராதபுரச் சந்தியில் இறங்கும் அடியேன் பணிவோடு எழுதிக்கொள்வது.

ஒரு செவ்வாய்க்கிழமை நடத்துநர் தம்பியிடம் 30 ரூபா நீட்டினேன். ஆகக் குறைந்த கட்டணம் 27 என்பது அப்போது தங்கள் திருவாக்கு. மிச்சம் மூன்று ரூபா அவரது தோல்பைக்குள் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. எங்கள் இயற்கைத் துறைமுகத்தின் ஆழத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அதைவிட ஆழமானதை அன்றுதான் கண்டேன்.

"தம்பி, மிச்சம்?"

"ஐயா, சந்தியோட ஒரு பிரிவு முடியுது. நீங்க இறங்கிறது அங்கால. நியாயமாப் பாத்தா ரெண்டு பிரிவுக் காசு எடுக்கோணும். பாவமெண்டு விடுறன்."

முழு பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது. பின்னாலிருந்த பள்ளிக்கூடப் பிள்ளை எழுந்து வந்து ஐந்து ரூபாக் குற்றியொன்றை என் கையில் வைத்து, "இந்தாங்க தாத்தா, சண்டை பிடிக்காதீங்க" என்றது. 35 வருடம் அரசாங்கத்துக்குக் கணக்கெழுதிய கை, ஐயா.

ஒரு பிரிவு ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றராம். அந்த 'ஏறத்தாழ'வில்தான் தங்கள் மேதைமை. மூன்றாம் கட்டை, ஐந்தாம் கட்டை என்று மைல் கல்லை வைத்தே இடத்துக்குப் பெயர் சொல்லும் ஆட்கள் நாங்கள். கட்டை நகராது. தங்கள் பிரிவுக் கோடோ ஏறும்போது ஓரிடத்தில், இறங்கும்போது வேறிடத்தில். கட்டணப் பட்டியலைப் பார்த்திருக்கலாம்தான். அதன்மேல் சாமிப்படம் ஒட்டியிருந்தது.

2022 ஜூலையில் குறைந்த கட்டணம் 40 ஆனது. பிறகு 30க்கு வந்தது. 2024 ஜூலையில் 28, ஒக்டோபரில் 27. தாங்கள் குறைக்கக் குறைக்க நான் கொடுத்தது அதே 30. முதலில் இரண்டு ரூபா மூழ்கியது, பிறகு மூன்று. துறைமுகத்தை ஆழப்படுத்தும் செலவு மட்டும் எங்களுடையது.

லண்டனிலிருக்கும் மகன் சொல்கிறான், அங்கே ரயிலுக்குத்தான் வலயமாம், பஸ்ஸில் எங்கே இறங்கினாலும் ஒரே காசாம். ஆழமான துறைமுகம் இல்லாத ஊர், வேறென்ன செய்வார்கள்?

ரிக்கற்றும் தருவதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேர் ஏறி இறங்குகிறார்கள்? எத்தனை மூன்று ரூபா? இது களவு. சில்லறைக் களவு என்றால் களவில்லையா? கேட்டவனைப் பிச்சைக்காரனாக்கி நிறுத்துகிறார்கள். 27 என்று எழுதி வைத்த உங்களுக்கு ஒரு ரூபாவும் இரண்டு ரூபாவும் எந்தக் கையில் புழங்குகிறது என்று தெரியாதா?

மன்னிக்கவும், பிரஷர் மாத்திரை போடாமல் எழுதிவிட்டேன். தங்கள் ஞானம் வாழ்க, தங்கள் கோடு நீள்க.

ஒரேயொரு விண்ணப்பம். அந்தப் பிள்ளைக்கு நான் ஐந்து ரூபா கடன். என் மூன்று ரூபாவைத் தோண்டியெடுத்துத் தாருங்கள். மீதி இரண்டை நான் போடுகிறேன்.

இப்படிக்கு,
சந்திக்கு அங்கால் இறங்குபவன்