ஃப்ரண்டும் பேக்கும் ஒரே பேப்பர்ல

நான் வாங்கிய கடனுக்கு நான் டியூ கட்டவில்லை என்று ஒரு தம்பி என்னைப் போனில் திட்டிச் சில மாதம் ஆகிறது. காது இப்போதும் சுடுகிறது. கடன் நாற்பதாயிரத்துச் சொச்சம். எதற்கு வாங்கினேன் என்று கேட்டேன். செல்போனுக்காம். மாடல் பெயரையும் சொன்னான். அவன் திட்டிய திட்டையெல்லாம் நான் கேட்டுக்கொண்டிருந்த செல்போனில் வலது மூலைக் கண்ணாடி நொறுங்கி, மேலே செலோடேப் ஒட்டியிருக்கிறது. என் பெயரில், என் பான் நம்பரில், என் பிறந்த தேதியில் எவனோ ஒருத்தன் மூன்று கேமரா வைத்த போனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கிறான்.

"சார், இந்தப் பேரு உங்களுதுதானே?"

"ஆமா."

"இந்த பான் நம்பர்?"

"என்னுதுதான்."

"அப்ப கடன் மட்டும் எப்படி சார் உங்களுது இல்லாமப் போகும்?"

எனக்குப் பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் நானேகூட நம்பிவிட்டேன்.

ஐந்து வருடம் முன்பு பூர்வீக வீட்டுக்கு மாடி எடுக்க ஒரு வங்கியில் கடன் கேட்டுப் போனபோது, சம்பளச் சீட்டு, மூன்று வருட வருமான வரிக் கணக்கு, வில்லங்கச் சான்று, இரண்டு ஜாமீன்தாரர் என்று கேட்டு, கடைசியில் "பார்க்கலாம் சார்" என்று அனுப்பிவைத்தார்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதே என்னை நம்பி, நான் இல்லாதபோது, ஒரு செல்போன் செயலி சில நிமிடங்களில் பணம் கொடுத்திருக்கிறது. நான் நேரில் போவதுதான் பிரச்சினை போலிருக்கிறது.

சரி. இப்படி நம் பெயரை ஒருத்தன் எடுத்துக்கொண்டு போய்விட்டால் அடுத்து என்ன செய்வது என்பதை வரிசையாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்கிறேன். அதற்கு முன்னால் ஜெராக்ஸ் பற்றி ஒரு வார்த்தை.

பீரோவில், ஜவுளிக்கடை கட்டைப்பைக்குப் பக்கத்தில், அந்த பிளாஸ்டிக் கவர் உங்கள் வீட்டிலும் இருக்கும். ஆதார் ஜெராக்ஸ் ஒரு கத்தை, பான் ஜெராக்ஸ் ஒரு கத்தை, தலையில் முடி இருந்த காலத்து பாஸ்போர்ட் சைஸ் போட்டோ மிச்சம் நாலு. யார் வந்து கேட்டாலும் ஒரு செட் எடுத்து நீட்டிவிடுகிறோம். கல்யாணப் பத்திரிகை என்றால்கூட "இவனுக்கு வைக்கணுமா" என்று வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடக்கும். இதற்கு அதுவும் கிடையாது. கேஸ் ஏஜென்சியில் கேட்டார்கள், கொடுத்தோம். சிம் கார்டுக்குக் குடை வைத்து உட்கார்ந்திருந்த பையன் கேட்டான், கொடுத்தோம். மண்டபம் புக் பண்ணக் கொடுத்தோம். கொடைக்கானல் லாட்ஜில் ரிசப்ஷன் பையன் "ஜெராக்ஸ் வேணாம் சார், நானே எடுத்துக்கிறேன்" என்று தன் சொந்த போனில் நம் ஆதாரைப் படம் பிடித்தான். எவ்வளவு நல்ல பையன், அலைச்சல் மிச்சம் என்று டிப்ஸ் வேறு கொடுத்தோம்.

ஜெராக்ஸ் கடையைப் பாருங்கள். இப்போதெல்லாம் அட்டையைக் கையில் கொண்டுபோவதில்லை. கடை வாட்ஸ்அப் நம்பர் சுவரில் ஒட்டியிருக்கும். "அதுல போட்டு விடுங்கண்ணே." போட்டுவிடுவோம். கடைக்காரர் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் திறந்திருக்கும். நம் தெரு முழுக்க அதில் வரிசையாக இருக்கும். மேல்மாடிக்காரர் பான் கார்டு, பால்காரர் பேங்க் பாஸ்புக், யாரோ ஒரு அம்மாவின் இறப்புச் சான்றிதழ், அதற்குக் கீழே ஒரு ஜாதகம், அதற்கும் கீழே நாம். கடைக்காரர் நம் படத்தை இறக்கி, திருப்பி, இழுத்து, "ஃப்ரண்டும் பேக்கும் ஒரே பேப்பர்ல போட்டுரவாண்ணே?" என்பார். அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொன்ன ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. முதல் பிரதி கறுப்பாக வரும். அதைக் கசக்காமல் பக்கத்து அட்டைப் பெட்டியில் போடுவார். இரண்டாவது கோணலாக வரும். அதுவும் பெட்டிக்குள். மூன்றாவதுதான் நமக்கு. காசைக் கொடுத்து அதை வாங்கி, நாலாக மடித்து, சட்டைப் பையில் பத்திரமாக வைக்கிறோம். மற்ற இரண்டும் அங்கேயே இருக்கின்றன. நம் படமும் அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதை அழிக்கச் சொல்லலாம்தான். பின்னால் பதினோரு பேர் நிற்கும்போது எப்படிச் சொல்வது?

அந்த அட்டைப் பெட்டித் தாளின் பின்பக்கம் வெள்ளை. அதில்தான் கடைக்காரர் கணக்குப் போட்டுக் காட்டுவார். எனக்கு ஒருமுறை பதினெட்டு ரூபாய்க்கு பில் போட்டுக் கொடுத்த சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு மாணவியின் சாதிச் சான்றிதழில் பாதி. மிச்சம் மாதக் கடைசியில் எடைக்குப் போகும். எடைக்குப் போனது எங்கே போகும் என்பது மதுரை சிம்மக்கல் பக்கம் சாயங்காலம் பஜ்ஜி சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியும். வாழைக்காய் பஜ்ஜியின் எண்ணெய் தாளில் இறங்கியதும், பின்பக்கம் இருக்கிற ஆள் மெதுவாக முன்னால் வருவார். முதலில் மீசை, அப்புறம் நெற்றி, அப்புறம் பன்னிரண்டு இலக்கம். எனக்குக் கிடைத்தவர் திருமங்கலத்துக்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர், தகப்பனார் பெயர் கதவு எண்ணோடு இருந்தது. சட்னி பட்டதில் பின்கோடு மட்டும் போய்விட்டது.

அரசாங்கத்துக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. 2022 மே 27ஆம் தேதி ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், கண்ட இடத்தில் ஆதார் ஜெராக்ஸ் கொடுக்காதீர்கள், லாட்ஜ்காரருக்கும் சினிமா தியேட்டர்காரருக்கும் அதை வாங்கி வைக்க அதிகாரமே இல்லை என்று ஓர் அறிவிப்பு விட்டது. படித்துவிட்டு நான் அந்த பிளாஸ்டிக் கவரைக் கிழித்துப்போட எழுந்தேன். நல்லவேளை, முழங்கால் வலி. மே 29ஆம் தேதி அந்த அறிவிப்பையே மத்திய அரசு வாபஸ் வாங்கிவிட்டது. தப்பாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறதாம். வழக்கமான முன்ஜாக்கிரதையோடு நடந்துகொண்டால் போதுமாம். நம் வழக்கமான முன்ஜாக்கிரதை, பத்து காப்பி கூடுதலாக எடுத்து வைத்துக்கொள்வது.

கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதார் ஒன்று உண்டு. ஆணையத்தின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், செல்லும். செல்லும் என்பது ஆணையத்துக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கவுன்டரில் இருக்கிறவருக்குத் தெரியாது. "நம்பர் சரியா விழலையே சார், நல்லா எடுத்துட்டு வாங்க." எடுத்ததே இப்படித்தான் என்றால், "எந்தக் கடைல எடுத்தீங்க?" ஜெராக்ஸ் மேலேயே "இன்ன காரியத்துக்கு மட்டும்" என்று தேதி போட்டுக் குறுக்கே எழுதிக் கொடுக்கும் யோசனையும் உண்டு. எழுதிக் கொடுத்தேன். "ஏன் சார் கிறுக்கி வச்சிருக்கீங்க, வேற இருக்கா?" வேறு இருந்தது. அந்தக் கவரில்தான் எப்போதும் இருக்குமே.

ஜெராக்ஸ் போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் கடன் அறிக்கை எடுத்துப் பார்க்க வேண்டும். நம் கடன் சரித்திரத்தை எழுதி வைக்க இந்தியாவில் நாலு நிறுவனங்கள் உண்டு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. மதிப்பெண் 300லிருந்து 900 வரை. பள்ளிக்கூடத்தில் சும்மா பேரெழுதினாலே முன்னூறு போடுகிற வாத்தியார் எனக்கு வாய்க்கவில்லை. அறிக்கையில் அந்தச் செல்போன் கடன் இருந்தது. என் பெயர் சரி, பிறந்த தேதி சரி. விலாசம் நான் கேள்விப்பட்டிராத ஊர்.

2022 பிப்ரவரியில் நடிகை சன்னி லியோனி தன் பான் நம்பரில் யாரோ 2,000 ரூபாய் கடன் வாங்கிவிட்டதாக ட்விட்டரில் எழுதினார். எனக்கு நாற்பதாயிரம். இந்த ஒரு கணக்கில் நான் அவரைவிட இருபது மடங்கு பெரிய ஆள் என்று வீட்டில் சொன்னேன். யாரும் ரசிக்கவில்லை. அவருக்குச் சீக்கிரமே சரி செய்து கொடுத்தார்கள், அவரும் நன்றி சொன்னார். எனக்கு அந்த அளவு ரசிகர்கள் இல்லை.

அடுத்தது போலீஸ். சட்டம் பலமாகத்தான் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவு, அடுத்தவன் அடையாளத்தை எடுத்து மோசடியாகப் பயன்படுத்தினால் மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்கிறது. பணம் பறிபோனால் உடனே 1930க்குக் கூப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, போகிற வழியிலேயே பணத்தை மறிக்கப் பார்ப்பார்கள். ஆனால் என் கேஸில் பணம் போகவில்லையே. நான் போன ஸ்டேஷனில் எழுத்தர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"எவ்வளவு சார் போச்சு?"

"எனக்குப் போகலை."

"வந்துச்சா?"

"வரவும் இல்லை."

பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். புகார் வாங்கியதற்கு சி.எஸ்.ஆர். ரசீது போட்டுக் கொடுத்தார். ஆதார் ஜெராக்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டார்.

கடன் கொடுத்த நிறுவனத்துக்கு சி.எஸ்.ஆர். போதாது, எஃப்.ஐ.ஆர். வேண்டுமாம். கடனை நான் வாங்கவில்லை என்று முத்திரைத்தாளில் நோட்டரி கையெழுத்தோடு உறுதிமொழி வேண்டுமாம். சுய சான்றொப்பமிட்ட ஆதார், பான் நகல், சமீபத்துப் புகைப்படம் வேண்டுமாம். என் நகலை வைத்து ஒருத்தன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லப் போன இடத்தில், அதை நிரூபிக்க என் நகலைக் கேட்கிறார்கள். அவனிடம் கேட்டது ஒன்று. என்னிடம் கேட்பது ஒரு ஃபைல். நான் நான்தான் என்பதற்கு நோட்டரி தேவைப்படுகிறது, அவன் நான்தான் என்பதற்கு ஒரு செல்ஃபி போதுமாக இருந்திருக்கிறது.

கடன் அறிக்கை நிறுவனத்தில் ஆட்சேபம் கொடுத்தால் முப்பது நாளுக்குள் தீர்க்க வேண்டும். அதில் இருபத்தொரு நாள் கடன் கொடுத்தவருக்கு. தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நமக்கு இழப்பீடு. 2024 ஏப்ரலிலிருந்து இது நடைமுறை. அவர்கள் ஒரு வருடத்துக்கும் மேல் இழுத்தடித்தால் அந்தச் செல்போனையே நான் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். இழப்பீடு வர வேண்டுமென்றால் என் பேங்க் அக்கவுண்ட் நம்பரையோ யூபிஐ ஐடியையோ மனுவில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இதற்கு நடுவில் சொந்தக்காரர்கள். விஷயத்தைக் கேட்டதும் ஒருத்தர் பாக்கியில்லாமல் கேட்கிற முதல் கேள்வி, "ஓடிபி சொன்னீங்களா?" சொல்லவில்லை. "ஏதாச்சும் லிங்க்கை அமுக்குனீங்களா?" அமுக்கவில்லை. மச்சான் மட்டும் விடவில்லை. "இல்ல மாமா, நல்லா யோசிச்சுப் பாருங்க, ஏதாவது ஒண்ண அமுக்கியிருப்பீங்க." வீட்டில் கொள்ளை போனால் கொள்ளைக்காரனைத் திட்டுவார்கள். இதில் மட்டும் பறிகொடுத்தவனை உட்காரவைத்து விசாரணை நடக்கிறது. பறிகொடுக்காமல் தானாகவே நீட்டியவரும் உண்டு. ஆதார் நம்பர் தெரிந்தால் என்ன செய்துவிட முடியும் என்று 2018 ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் தலைவராக இருந்த ஆர்.எஸ். சர்மா தன் நம்பரை ட்விட்டரில் போட்டுச் சவால் விட்டார். சிலர் அவர் அக்கவுண்டில் ஒரு ரூபாய் போட்டுக் காட்டினார்கள். எனக்கு அந்த ஒரு ரூபாயும் வரவில்லை.

நம் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். ஒரு ஆள் பெயரில் ஒன்பது வரை இருக்கலாமாம். எனக்கு மூன்று காட்டியது. ஒன்று என்னுடையது, ஒன்று மாமியாருடையது. மூன்றாவதைக் கூப்பிட்டேன். எடுத்தவர், "காலங்காத்தால யாருய்யா நீ?" என்றார். அதைத்தான் நானும் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். புகார் பொத்தானை அழுத்திவிட்டேன். ஆதாரில் கைரேகையையும் பூட்டினேன். அந்த வாரமே ரேஷன் கடையில் மெஷின் என் விரலை ஏற்கவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. பாமாயிலும் பருப்பும் அந்த மாதம் தாமதம். கடன் வாங்கியவனுக்கு ஒரு விரலும் தேவைப்படவில்லை என்பதை மனைவி இரண்டு வேளையும் ஞாபகப்படுத்தினாள்.

அடுத்தது ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மன். முதலில் கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் புகார் கொடுத்து முப்பது நாள் பார்க்க வேண்டும், அதற்கப்புறம்தான் அங்கே. அந்த மனுவை எப்படி எழுதுவது, எதை இணைப்பது என்பதுதான் உண்மையில் உபயோகமான பகுதி. அதை எழுத ஆரம்பித்தபோதுதான் அபார்ட்மென்ட் செக்ரட்டரி காலிங் பெல் அடித்தார். கேட்டில் புது செக்யூரிட்டி ஏஜென்சி வருகிறதாம், வீட்டுக்கு ஒரு ஃபைல் போடுகிறார்களாம். குடும்பத்தில் எல்லாருடைய ஆதாரும் வேண்டும், வாட்ச்மேனிடம் கொடுத்துவைத்தால் போதும், இல்லாவிட்டால் குரூப்பிலேயே போட்டுவிடலாம். எதற்கு சார் என்று கேட்டேன். இந்த ஊரில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. செருப்பைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"பாதுகாப்புக்குத்தான் சார். கலர் ஜெராக்ஸா இருந்தா இன்னும் நல்லது."