தெற்கு மேலே, வடக்கு கீழே

கெய்ரோ

அன்புள்ள மாமாவுக்கு,

மாப்பிள்ளை எழுதுவது. உங்கள் முழங்கால் வலியும் அத்தையின் சர்க்கரையும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசலாம்தான், ஐந்து நிமிஷப் பேச்சில் நாலு நிமிஷம் "கேக்குதா? கேக்குதா?" என்றே போய்விடுகிறது. அதனால் கடிதம்.

முதலில் ஊர் நிலவரம். எகிப்து 10 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைப் போல ஏழு மடங்குக்கு மேல். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு வெறும் மணல். 10 கோடிக்கு மேற்பட்ட சனமும் மீதித் துண்டில், நைல் கரையை ஒட்டி நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது. விமானத்திலிருந்து பார்த்தபோது காவி வேட்டிக்குப் பச்சைக் கரை போட்டதுபோல இருந்தது. கரை மட்டும்தான் ஊர். வேட்டி முழுக்கப் பாலைவனம்.

இந்த ஊரில் திசைக் குழப்பம். தெற்கே இருப்பதை 'மேல் எகிப்து' என்கிறார்கள், வடக்கே கடலோரம் 'கீழ் எகிப்து'. வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துவிட்டார்களோ என்று சிரித்தேன். பிறகு உறைத்தது: நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. மேட்டுப் பக்கம் மேல், தாழ்ந்த பக்கம் கீழ். நாமும் அதே கணக்கில்தானே காவிரி இறங்கிப் போகும் பக்கத்தைக் கிழக்கு என்கிறோம்! காற்று மட்டும் வடக்கிலிருந்து அடிக்கிறது. தெற்கே போகும்போது பாய் விரித்தால் போதும். திரும்பும்போது சுருட்டிவிட்டால் ஆறே கொண்டுவந்து சேர்க்கும். ஐயாயிரம் வருஷமாகப் படகுக்காரனுக்குப் பெட்ரோல் செலவு இல்லை.

அடுத்தது மொழி. வந்த அன்று டாக்ஸிக்காரர் "இன்த ஹிந்தி?" என்றார். "ஹிந்தி தெரியாது" என்று வீராப்பாகச் சொன்னேன். அவர் கேட்டது "நீ இந்தியனா?" என்று. அரபியில் இந்தியன் என்றால் 'ஹிந்தி'. நம் ஊரில் தப்பித்தவன் இங்கே வந்து ஹிந்தியாகிவிட்டேன். இன்னும் ஒன்று: ஏமாற்றப் பார்ப்பவனிடம் இவர்கள் "என்னை ஹிந்தி என்று நினைத்தாயா?" என்பார்கள். 'நான் என்ன இளிச்சவாயனா' என்று அர்த்தமாம். ஆபீஸில் ஒருவர் கோபத்தில் அப்படிக் கத்திவிட்டு, என்னைப் பார்த்ததும் மூன்று முறை மன்னிப்புக் கேட்டார்.

ரசம் வைக்கப் புளி தேடிய கதையும் அப்படித்தான். மளிகைக்காரரிடம் முகத்தைச் சுளித்துக் காட்டினேன். எலுமிச்சை எடுத்தார். இல்லையென்று தலையாட்டினேன். வினிகர் எடுத்தார். இன்னும் பலமாகச் சுளித்தேன். உள்ளேயிருந்து கறுப்புக் கட்டி ஒன்றைக் கொண்டுவந்து "தமர் ஹிந்தி" என்றார். 'இந்தியப் பேரீச்சை' என்று பொருள். இங்கிலீஷ்காரன் சொல்லும் டாமரிண்ட் இதிலிருந்து வந்ததுதான். ரமலான் மாதம் அதில் சர்க்கரை போட்டு ஜில்லென்று குடிக்கிறார்கள். எனக்கும் ஒரு கிளாஸ் தந்தார்கள். சர்க்கரை போட்ட ரசம் எப்படியிருக்கும் என்று அத்தையிடம் சொல்லிப் பாருங்கள், தலையில் அடித்துக்கொள்வார்.

உங்களுக்குப் பிடித்த தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். கெய்ரோவுக்குள் ரோதா தீவில் 861-இல் கட்டிய நீரளவுக் கிணறு இருக்கிறது. படியிறங்கிப் பார்த்தேன். நடுவில் எட்டுப் பட்டைப் பளிங்குத் தூண், அதில் முழக்கணக்கில் கோடுகள். வெள்ளம் 16 முழம் தொட்டால் வெள்ளாமை நிச்சயம், முழு வரி. தொடாவிட்டால் வரியில் தள்ளுபடி. ஆற்றைப் பார்த்து வரி போட்டிருக்கிறார்கள்! நம் தாசில்தார் காதில் போட்டுவையுங்கள்.

அந்தத் தூணுக்கு இப்போது வேலை இல்லை. 1960-இல் தொடங்கி 1970-இல் முடித்த அஸ்வான் உயர் அணை வெள்ளத்தை மறித்துவிட்டது. அணைக்குப் பின்னால் தேங்கிய ஏரியின் கொள்ளளவு ஏறக்குறைய 60 மேட்டூர். வருஷம் முழுக்கத் தண்ணீர், மின்சாரம், வறட்சிக்குக் கையிருப்பு எல்லாம் கிடைத்தது. ஆனால் வண்டல் அணையிலேயே தங்கிவிட, வயலுக்கு உரமூட்டை வந்தது. ஏறக்குறைய 50,000 நூபிய மக்கள் ஊரை ஏரிக்குக் கொடுத்துவிட்டு வெளியேறினார்கள். அபு சிம்பல் கோயிலையோ துண்டுதுண்டாக அறுத்து 65 மீட்டர் மேலே ஏற்றி ஒட்டினார்கள். கோயிலைத் தூக்கிவைக்க முடிந்தது, ஊரை முடியவில்லை.

நைல் தண்ணீருக்குப் பங்காளிச் சண்டையும் உண்டு. 1959 ஒப்பந்தப்படி எகிப்துக்கு வருஷத்துக்கு 5,550 கோடி கன மீட்டர், நம் கணக்கில் சுமார் 1,960 டிஎம்சி. சூடானுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு. தண்ணீரில் பெரும்பங்கு கிளம்பும் எத்தியோப்பியாவை அந்தப் பந்தியில் உட்காரவைக்கவில்லை. அவர்கள் நீல நைலில் சொந்தமாக ஓர் அணை கட்டி 2025 செப்டம்பரில் திறந்துவிட்டார்கள். டீக்கடையில் இதைப் பேசும்போது முகங்களைப் பார்த்தால் எனக்கு நம் ஊர்தான் ஞாபகம் வருகிறது. இங்கே மழை என்ற இரண்டாவது கதி கிடையாது; கெய்ரோவில் வருஷம் முழுக்கப் பெய்வது நம் ஊர் ஒரு நாள் தூறல்.

அதனால் நெல்லுக்கும் ரேஷன். எந்த மாவட்டத்தில் எவ்வளவு நடலாம் என்று அரசே வரையறுக்கும், மீறினால் அபராதம். ரொட்டியின் பெயர் 'ஐஷ்', அதற்கு வாழ்வு என்றும் பொருள். 1977-இல் மானியத்தைக் குறைத்ததும் தெருவே எரிந்தது, அரசு பின்வாங்கியது. ஐந்து பியாஸ்தருக்கே முப்பது வருஷத்துக்கு மேல் விற்ற மானிய ரொட்டி 2024-இல்தான் இருபது ஆனது. ரோமாபுரிக்கே கோதுமை அனுப்பிய நாடு, இன்று உலகிலேயே அதிகம் கோதுமை வாங்கும் நாடுகளில் ஒன்று.

சம்பளம்? பவுண்டின் மதிப்பைப் பாருங்கள்: 2016 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஒன்பது எகிப்து பவுண்டுக்கும் கீழே, இப்போது ஐம்பதையொட்டி. சூயஸ் கால்வாய் வருமானமும் செங்கடல் தாக்குதல்களுக்குப் பயந்து கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதால் 2024-இல் பாதிக்கும் கீழே இறங்கியது. இந்த நாட்டைத் தாங்குவதில் பெரும்பங்கு வளைகுடாவுக்குப் போன பிள்ளைகள் அனுப்பும் பணம். எகிப்துக்காரன் துபாய்க்குப் போகிறான், நான் எகிப்துக்கு வந்திருக்கிறேன். வழியில் தப்பான ஸ்டாப்பில் இறங்கிவிட்டேனோ என்னவோ!

ஆனால் நாம் இங்கே புதுசு இல்லை, மாமா. செங்கடல் கரையில் குசேர் அல் கதீமில் கிடைத்த ஈராயிரம் வருஷத்துப் பானை ஓட்டில் தமிழ் பிராமியில் 'பானை ஒறி', அதாவது பானை உறி, என்று எழுதியிருக்கிறது. பெரெனிகேயில் ஓர் இந்தியச் சாடியில் ஏழரை கிலோ மிளகு கிடைத்தது. எனக்கு முன்னாலேயே யாரோ ஒருவர் உறியும் மிளகும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். புளி மட்டும் எங்கே வாங்கினாரோ.

எங்கள் கம்பெனியின் தையல் பிரிவு மேஸ்திரி இங்கத்திய டெல்டாக்காரர். அப்பா பருத்தி விவசாயி. ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பார்கள் என்று அவரிடம் ஒருநாள் சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து சம்பளத்தைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, "உங்கள் ஆற்றில் தண்ணீர் வந்ததா?" என்று கேட்கிறார். நம் வாய்க்காலுக்கு வந்ததும் படித்துறையில் எத்தனை படி முழுகியது என்று எண்ணி எழுதுங்கள். அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை