பொய் சொல்லும் தண்ணீர், ஒத்து ஊதும் கேமரா

1890-களில் பிரான்சின் பான்யூல் கரையோரம், லூயி பூட்டான் என்ற உயிரியல் பேராசிரியர் கடலுக்கடியில் படம் எடுக்கக் கிளம்பினார். கல்யாண வீட்டுக்குச் சமையல் சாமான் போகிற தோரணை. படகு, ஆட்கள், இரும்பும் பித்தளையுமாகக் கனத்த முங்கு உடை, பெட்டிக்குள் கேமரா. வெளிச்சத்துக்கு ஒரு பெரிய பீப்பாய், அதன் தலையில் சாராய விளக்கு; ரப்பர் குமிழை அமுக்கினால் மக்னீசியப் பொடி தீயில் போய் விழும். சாதா வெளிச்சத்தில் எடுத்தால் ஒரு படத்துக்கு அரை மணி நேரம்கூட ஆகும். அதுவரை அசையக் கூடாது என்று மீனிடம் யார் சொல்வது?

அடுத்த அறுபது ஆண்டுகளில் மனிதன் தேறினான், பெட்டி தேறவில்லை. கடலாய்வாளர் ஜாக் குஸ்தோ 1943-லேயே பொறியாளர் எமில் கான்யானுடன் சேர்ந்து தண்ணீருக்குள் மூச்சுவிட வழி கண்டுவிட்டார். கேமரா மட்டும் இன்னும் பெட்டிக்குள் கோஷாப் பெண் மாதிரி அடைந்து கிடந்தது. பெட்டியே வேண்டாம், கேமராவின் தோலே தண்ணீரைத் தடுக்கட்டும் என்று வடிவமைத்தவர் ஜான் டி வௌட்டர்ஸ் என்ற பெல்ஜியப் பொறியாளர். குஸ்தோவின் கப்பல் பெயரையே வைத்து ‘கலிப்சோ’ என்றார்கள். ஜப்பானின் நிக்கான் அதைச் சுவீகாரம் எடுத்து, 1963-ல் ‘நிக்கானோஸ்’ என்று பெயர் மாற்றி விற்றது.

50 மீட்டர் ஆழம் வரை தாங்கும். முன்பக்கம் ஒரே ஒரு நெம்புகோல். அமுக்கினால் படம் விழும், உடனே நெம்புகோல் வெளியே துள்ளும், திரும்பத் தள்ளினால் பிலிம் நகரும். கையுறை போட்ட கைக்கும் சிக்குகிற மாதிரி லென்சின் இருபுறமும் இரண்டு குமிழ்கள். ஒன்று வெளிச்சத்துக்கு, மற்றொன்று தூரத்துக்கு. எந்தத் தூரத்திலிருந்து எதுவரை தெளிவாக விழும் என்பதை லென்சின் முகத்தில் இரண்டு சிவப்பு முட்கள் நண்டுக்கால் போல விரிந்தும் சுருங்கியும் காட்டும்.

ஆனால் மீன் எத்தனை அடியில் நிற்கிறது? அதைக் கேமரா சொல்லாது. குத்துமதிப்புதான். அங்கேதான் வேடிக்கை. நாலடியில் நிற்கிற மீனை மூன்றடியில் நிற்பதாகத் தண்ணீர் நம் கண்ணுக்குக் காட்டும். கணக்குப் போட்டு அதைத் திருத்த வேண்டும் என்று நினைப்பவன் புத்திசாலி. அவன் படம்தான் மங்கும். தட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் லென்சும் அதே பொய்யைத்தான் நம்புகிறது. ஆகவே ஏமாந்தபடியே மூன்றடி என்று வைத்தால் போதும். இரண்டு சாட்சிகளும் ஒரே பொய்யைச் சொன்னால் வழக்கு ஜெயித்துவிடும் இல்லையா!

பின்னால் வந்த வாரிசுகள் வசதியாக வளர்ந்தன. 1984-ல் வந்த ஐந்தாம் நிக்கானோஸ் வெளிச்சத்தைத் தானே அளந்தது; 1992-ல் வந்த ஆர்.எஸ். தூரத்தையும் தானே பார்த்துக்கொண்டது. 2001-ல் வம்சமே முடிந்தது.

எனக்கு மூத்ததைத்தான் பிடிக்கிறது. அதற்குப் பிலிம் மாற்றுவது ஒரு சடங்கு. லென்சைக் கழற்ற வேண்டும். வார் மாட்டும் காதுகளையே நெம்பி, ஓட்டிலிருந்து ஆமையை எடுப்பது போல உட்பகுதியை வெளியே எடுக்க வேண்டும். ரப்பர் வளையங்களைத் துடைத்து கிரீஸ் தடவ வேண்டும். ஒரு மணலோ ஒரு முடியோ சிக்கினால் அடுத்த முறை கடல் உள்ளே குடியேறிவிடும். இத்தனையும் செய்வதற்கு முன் ஒன்று: முங்கி எழுந்தவன் முதலில் தலையைத் துவட்டிக்கொள்ள வேண்டும். 50 மீட்டர் கடலைத் தாங்கிய கேமரா, திறந்திருக்கும்போது எஜமானனின் தலைமுடியிலிருந்து சொட்டும் ஒரு துளிக்குத் தாங்காது.