திருப்புளியும் ஒரு சொம்புத் தண்ணீரும்

2004-ல் ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்த கம்ப்யூட்டர் அது. 256 எம்பி ராம், 40 ஜிபி ஹார்ட் டிஸ்க். "இதை நிரப்ப உங்க ஆயுசு போதாது சார்" என்றார் கடைக்காரர். அந்த வருட ஆயுத பூஜைக்கு என் மனைவி அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். கம்ப்யூட்டருக்கு நெற்றி எது என்பதில் மட்டும் எங்களுக்குள் சின்ன வாக்குவாதம்.

எட்டாவது மாதம் ஒருநாள் காலை ஸ்விட்சைப் போட்டேன். திரை கறுப்பு. பெட்டிக்குள்ளிருந்து "பீ...ப், பீ...ப்" என்று விட்டுவிட்டு ஓர் அழுகை. சர்வீஸ் தம்பிக்குப் போன் செய்தேன். "வந்துட்டே இருக்கேன் சார்" என்றவர் மூன்றாம் நாள் வந்து சேர்ந்தார். மூடியைக் கழற்றி, காது டாக்டர் மாதிரி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சார், குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

சொம்போடு திரும்பி வந்தால் விண்டோஸ் பாடிக்கொண்டிருந்தது. "போர்டுல லைட்டா ப்ராப்ளம் சார். பாத்துட்டேன்." 300 ரூபாய்.

இரண்டு மாதத்தில் அதே அழுகை, அதே தாகம், அதே 300. மூன்றாவது முறை அவர் தண்ணீர் கேட்டபோது நான் நகரவில்லை. மனைவியைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். மனிதர் ரொம்ப நேரம் மதர்போர்டை வெறித்தார். வேறு வழியில்லாமல் ராமைப் பிடுங்கி, சட்டைப் பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட ரப்பரை எடுத்து, அதன் தங்க நிறப் பற்களை இரண்டு பக்கமும் தேய்த்தார். "ஃபூ" என்று ஊதினார். 'டக்' என்ற சத்தம் கேட்கும்வரை அழுத்திச் செருகினார். அவ்வளவுதான். அந்த ரப்பர் 3 ரூபாய்.

அந்த அழுகைக்கு அர்த்தம் பிறகுதான் புரிந்தது. கம்ப்யூட்டர் விழித்ததும் முதலில் தன் கை காலைத் தானே அசைத்துப் பார்த்துக்கொள்ளும். ராமின் பற்களில் அழுக்கோ களிம்போ ஏறி, தொடர்பு விட்டுப்போனால் படம் காட்டும் கட்டத்துக்கே அதனால் வர முடியாது. எழுதிக் காட்ட வழியில்லாதபோது கத்தத்தானே வேண்டும்? கைக்குழந்தையின் கதைதான்.

அன்றே ஒரு திருப்புளி செட் வாங்கினேன். ப்ளக்கைப் பிடுங்கினேன், உடம்பிலுள்ள நிலைமின்சாரம் போக இரும்புச் சட்டத்தைத் தொட்டேன், திறந்தேன். ஃபேனில் தலையணைக்குப் போதுமான பஞ்சு. மூலையில் பல்லி முட்டை ஓடு இரண்டு. எல்லாவற்றையும் பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்து மூடியபின் அத்தோடு எழுந்து போயிருக்கலாம். பின்பக்கம், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ் பெட்டியில் சிவப்பாக ஒரு குட்டி ஸ்விட்ச் கண்ணில் பட்டது. ஒரு பக்கம் தள்ளினால் 230 தெரிந்தது, மறுபக்கம் தள்ளினால் 115.

நான் வணிகவியல் படித்தவன். 115-ல் வைத்தால் கரண்ட் பில் பாதியாகும் என்று கணக்குப் போட்டேன். அப்படியே வைத்து, ப்ளக்கைச் செருகி ஸ்விட்சைப் போட்டேன்.

'டொம்!'

நீல நிறத்தில் ஒரு மின்னல், அழுகிய மீனைத் தீயில் போட்ட மாதிரி ஒரு நாற்றம். அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள் மனைவி. "என்னங்க, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, நான் நன்றாக இருப்பது உறுதியானதும், "300 ரூபாயோட போயிருக்கும்" என்றாள்.

115 என்பது அமெரிக்கா போன்ற ஊர்களுக்கான நிலை. அதில் வைத்தால், வருகிற வோல்டேஜை அந்தப் பெட்டி உள்ளே இரட்டிப்பாக்கிக்கொள்ளும். நம் வீட்டு 230-ஐ இரட்டிப்பாக்கினால் கெப்பாசிட்டர் தாங்குமா? நல்லவேளை, போனது எஸ்.எம்.பி.எஸ் மட்டும். புதிதாக வாங்கியதும் அந்தச் சிவப்பு ஸ்விட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தேன்.

சில வருடம் கழித்து கம்ப்யூட்டருக்கு ஞாபக மறதி வந்தது. எப்போது போட்டாலும் 2002 ஜனவரி 1 என்றது. வங்கித் தளம், தன் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று கதவைச் சாத்தியது. "2002-லா? அப்ப நமக்குக் கல்யாணமே ஆகலையே" என்று மனைவி ஒரு பெருமூச்சு விட்டாள். காரணம், போர்டிலுள்ள வட்ட பேட்டரி தீர்ந்துபோனது. கடையில் கொடுத்த புதிய பேட்டரியில் சி.ஆர். 2032 என்று எழுதியிருந்தது. "2032 வரைக்கும் வருமா? பரவாயில்லையே!" என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார், அது 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன்."

இப்போது எங்கள் குடியிருப்பில் நானும் ஒரு வைத்தியன். போன மாதம் மூன்றாவது மாடி மாமி வீட்டுக் கம்ப்யூட்டர் அழுகிறது என்று கூப்பிட்டார்கள். மூடியைக் கழற்றினேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"மாமி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

"டேய், மாமாவுக்குத் தண்ணி கொண்டா" என்று பேரனை உள்ளே அனுப்பிவிட்டு, மாமி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். இப்போது எங்கள் குடியிருப்பில் இரண்டு வைத்தியர்கள். மாமி காசு வாங்குவதில்லை.